இளவரசி என்றால் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தியில் வேல்ஸ் இளவரசி, மண்டப வாசல் பேனரில் "எங்கள் வீட்டு இளவரசி", தையல் கடையில் பிரின்சஸ் கட், நகைக்கடையிலும் பிரின்சஸ் கட். ஒரே சொல் இத்தனை இடத்தில் புழங்குவதால் குழப்பமும் அதிகம். அடிக்கடி கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், சில ரெண்டு வரியில் முடியும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். யாரையாவது இளவரசி என்று எழுதியிருந்தால் எனக்கு உடனே கேட்கத் தோன்றுவது "அவருக்கு அந்தக் குடும்பத்தில் வாரிசுரிமை உண்டா?" என்பதுதான். கீழே பல பதில்களில் இதே கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

இளவரசி என்றால் ராஜாவின் மகள், அவ்வளவுதானே?

அது ஒரு பொருள் மட்டும்தான். பிறப்பால் வருகிறவர் ஒருவகை, இளவரசரைக் கல்யாணம் செய்து வருகிறவர் இன்னொரு வகை. அடுத்து நாட்டை ஆளப்போகிறவர் என்று சட்டப்படி இருப்பவர் வேறு. இதெல்லாம் போக, ராஜா என்ற பதவியே இல்லாமல் "பிரின்ஸ்" ஆளுகிற சின்ன நாடுகளில் அவருடைய மனைவியும் பிரின்சஸ்தான், அங்கே அவர் ராணிக்குச் சமம். ஆங்கிலத்தில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே சொல். ரஷ்ய மொழியில் அப்படி இல்லை, பிரபுவின் மனைவி என்றால் க்னியாகினியா, கல்யாணமாகாத மகள் என்றால் க்னியாஷ்னா. ஜெர்மன் மொழியிலும் ஆளும் பிரபுவின் மனைவி ஃப்யூர்ஸ்டின், அரச குடும்பத்துப் பெண் பிரின்ட்செஸின். நாம் வெளிநாட்டு அரச குடும்பச் செய்திகளைப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வாங்குவதால் அந்த மொழியின் குழப்பமும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

டயானா இளவரசி இல்லை என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அவர் பிறப்பால் இளவரசி இல்லை, ஸ்பென்சர் என்ற பிரபுக் குடும்பத்துப் பெண். 1981-ல் சார்லஸைக் கல்யாணம் செய்ததால் "வேல்ஸ் இளவரசி" ஆனார். முறைப்படி பார்த்தால் தன் சொந்தப் பெயருக்கு முன்னால் பிரின்சஸ் போட்டுக்கொள்வது பிறப்பால் வந்தவர்களுக்குத்தான். "இளவரசி டயானா" என்பது பத்திரிகைகளும் மக்களும் பாசத்தில் அழைத்தது, அரண்மனை கொடுத்தது இல்லை. 1996-ல் விவாகரத்து ஆனபோது "ஹெர் ராயல் ஹைனஸ்" என்ற மரியாதை அடைமொழி போனது, "டயானா, வேல்ஸ் இளவரசி" என்ற வடிவம் மட்டும் நின்றது. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

பின்னால் சார்லஸைக் கல்யாணம் செய்த கமிலாவுக்கும் சட்டப்படி அதே வேல்ஸ் இளவரசி பட்டம் இருந்தது. ஆனால் அவர் அதைப் பயன்படுத்தாமல் கார்ன்வால் சீமாட்டி என்றே இருந்தார், காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணி இறந்து சார்லஸ் மன்னரானதும் அந்தப் பட்டம் அவருடைய மூத்த மகன் வில்லியமின் மனைவி கேத்தரினுக்கு வந்தது.

இதைவிடத் தலை சுற்றவைக்கிற இன்னொன்றும் உண்டு. எலிசபெத்தின் சித்தப்பா மகன் கென்ட் இளவரசர் மைக்கேல். அவருடைய மனைவியின் பெயர் மேரி கிறிஸ்டின். ஆனால் பட்டம் "கென்ட் இளவரசி மைக்கேல்". புருஷன் பெயரையே மனைவிக்குப் போட்டிருக்கிறார்கள், நம் ஊரில் "திருமதி ராமசாமி" என்று கல்யாணப் பத்திரிகையில் போடுவது போலத்தான். எனக்கு இரண்டுமே பிடிக்காது.

அப்படியானால் பிரிட்டனில் பிறப்பால் இளவரசி யார் யார்?

இதை 1917-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஒரு ஆணையில் வரையறுத்தார். மன்னரின் பிள்ளைகள், மன்னரின் *மகன்களுடைய* பிள்ளைகள், அப்புறம் வேல்ஸ் இளவரசரின் மூத்த மகனுக்குப் பிறக்கும் மூத்த மகன். மகன்களுடைய என்பதைக் கவனியுங்கள். எலிசபெத் ராணியின் மகன் ஆண்ட்ரூவுக்குப் பிறந்த பியாட்ரிஸும் யூஜெனியும் இளவரசிகள். அதே ராணியின் மகள் ஆனுக்குப் பிறந்த ஸாராவுக்குப் பட்டமே இல்லை. பேத்தி என்ற உறவு இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆனால் மகள் வழி வந்தால் கணக்கில் வராது.

கேத்தரின் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. பிறப்பது பெண்ணாக இருந்தால் வருங்கால ராணிக்கே இளவரசிப் பட்டம் கிடைக்காது. அதனால் 2012 டிசம்பர் 31-ல் எலிசபெத் ராணி இன்னொரு ஆணை போட்டு, வேல்ஸ் இளவரசரின் மூத்த மகனுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பட்டம் உண்டு என்று மாற்றினார். பிறந்தது ஆண் குழந்தை ஜார்ஜ். ஆனால் 2015-ல் பிறந்த சார்லட் அந்த ஆணையால்தான் பிறந்ததிலிருந்தே இளவரசி.

இதைவிடப் பெரிய மாற்றம் 2013-ல் வந்த வாரிசுரிமைச் சட்டம். 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களில், தம்பி பிறந்துவிட்டான் என்பதற்காக அக்கா பின்னால் போக வேண்டியதில்லை. 2018-ல் லூயிஸ் பிறந்தான், சார்லட் தன் இடத்திலேயே இருந்தாள். பிரிட்டன் அரச குடும்பத்தில் இப்படி நடந்தது அதுதான் முதல்முறை. ஆனுக்கு அது கிடைக்கவில்லை, அவர் பிறந்தபோது வரிசையில் மூன்றாவது. பிறகு பிறந்த தம்பிகள் ஒவ்வொருவராக முன்னால் போனார்கள்.

"பிரின்சஸ் ராயல்" என்கிறார்களே, அது என்ன?

மன்னரின் மூத்த மகளுக்குக் கொடுக்கிற தனிக் கௌரவம். 1642-ல் முதலாம் சார்லஸின் மகள் மேரியில் தொடங்குகிறது. தானாக வராது, மன்னர் கொடுக்க வேண்டும். வாங்கியவர் உயிரோடு இருக்கும்வரை அடுத்தவருக்குக் கிடையாது. எலிசபெத் ராணி இளவரசியாக இருந்த காலத்தில் அந்தப் பட்டம் அவருடைய அத்தை மேரியிடம் இருந்தது, அந்த அத்தை 1965 வரை இருந்தார், அதற்குள் எலிசபெத் ராணியாகியே பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஆனிடம் 1987-லிருந்து இருக்கிறது.

பட்டத்து இளவரசி என்றால் அடுத்த ராணியா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தமிழ்ச் செய்திகள் அதிகம் தடுமாறுகிற இடம் இது. சுவீடனின் விக்டோரியா தன் உரிமையில் பட்டத்து இளவரசி, அடுத்து நாட்டை ஆளப்போகிறவர் அவரே. நார்வேயின் மெட்டே மாரிட்டும் பட்டத்து இளவரசி என்ற பெயரில்தான் அறியப்பட்டவர், ஆனால் பட்டத்து இளவரசரின் மனைவி என்பதால் மட்டும். டென்மார்க்கின் மேரியும் அப்படித்தான், 2024 ஜனவரியில் கணவர் மன்னரானதும் ராணியானார்.

விக்டோரியாவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் 1977-ல் பிறந்தார். 1979-ல் தம்பி கார்ல் ஃபிலிப் பிறந்ததும் அந்தக் கைக்குழந்தைதான் பட்டத்து இளவரசர். 1980 ஜனவரி 1-ல் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே அரியணை. அன்றைக்கு அந்த இடம் விக்டோரியாவுக்கு மாறியது. ஐரோப்பிய முடியாட்சிகளில் இதை முதலில் செய்தது சுவீடன்தான். இப்போது நெதர்லாந்தில் கத்தரினா அமாலியா ஆரஞ்ச் இளவரசி, அவரும் தன் உரிமையில். பெல்ஜியத்தில் மூத்த மகள் எலிசபெத் அடுத்த ராணி. ஸ்பெயினில் லியோனோர் அஸ்தூரியாஸ் இளவரசி, 2014-லிருந்து. ஆனால் ஸ்பெயினில் சட்டம் இன்னும் ஆணுக்கே முன்னுரிமை தருகிறது, லியோனோருக்குத் தங்கை மட்டும்தான், தம்பி இல்லை. ஸ்பெயினில் வாரிசு அல்லாத மகள்களை இன்ஃபான்டா என்பார்கள், தங்கை சோஃபியா இன்ஃபான்டா.

மொனாக்கோவையும் இங்கேயே சொல்லிவிடலாம். அங்கே ராஜா கிடையாது, பிரின்ஸ்தான் ஆட்சித் தலைவர். அதனால்தான் 1956-ல் ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி கல்யாணம் செய்துகொண்டு போனபோது ராணி ஆகாமல் இளவரசி ஆனார், தகுதியில் குறைவு ஒன்றும் இல்லை. 2014 டிசம்பர் 10-ல் அந்தக் குடும்பத்தில் இரட்டைக் குழந்தைகள். கேப்ரியெல்லா முதலில் பிறந்தாள், இரண்டு நிமிஷம் கழித்து ஜாக் பிறந்தான். வாரிசு ஜாக். சட்டம் அப்படி.

ஜப்பானில் இளவரசி கல்யாணம் செய்தால் பட்டம் போய்விடுமாமே?

ஆமாம். 1947-ல் வந்த அரச குடும்பச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அரச குடும்பத்துப் பெண் வெளியாளைக் கல்யாணம் செய்தால் அரச குடும்பத்திலிருந்து விலகிவிட வேண்டும். ஆணுக்கு இந்த விதி இல்லை, அவர் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டினால் அந்தப் பெண் உள்ளே வருவார். 2005-ல் அகிஹித்தோ பேரரசரின் மகள் சயாகோ இப்படி வெளியேறினார். 2021 அக்டோபரில் அகிஹித்தோவின் பேத்தி மாகோ தன் கல்லூரி நண்பரைக் கல்யாணம் செய்து வெளியேறினார். அரச குடும்பத்தினருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, கல்யாணத்துக்குப் பிறகுதான் அவர் கொமுரோ மாகோ ஆனார். வெளியேறும் பெண்களுக்கு அரசு கொடுக்கும் பெருந்தொகையையும் அவர் வேண்டாம் என்றார்.

இப்போதைய பேரரசர் நருஹித்தோவுக்கு ஒரே பிள்ளை, மகள் ஐகோ. அவர் அரியணை ஏற முடியாது. அதே ஜப்பானில் பழைய காலத்தில் எட்டுப் பெண்கள் பேரரசிகளாக ஆண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தடை மரபு என்று சொல்வதே பொருந்தவில்லை.

தாய்லாந்து இளவரசி சிரிந்தோனின் பட்டத்தில் "ராஜகுமாரி" என்று வருகிறதா?

வருகிறது. சமஸ்கிருத ராஜகுமாரிதான், நமக்கும் தெரிந்த அதே சொல். 1977-ல் அவருடைய தந்தை பூமிபோல் மன்னர் கொடுத்த உயர்ந்த பட்டம் அது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தாய்லாந்து அரசமைப்பு, தேவைப்பட்டால் மகளையும் வாரிசாக்கலாம் என்று இடம் கொடுத்திருந்தது. அவருடைய அக்கா உபோல்ரத்தனா 1972-ல் அமெரிக்கர் ஒருவரைக் கல்யாணம் செய்து பட்டத்தைத் துறந்தார். 2019 பிப்ரவரியில் ஒரு கட்சி அவரைப் பிரதமர் வேட்பாளராக அறிவிக்க, பட்டம் இல்லாவிட்டாலும் அவர் அரச குடும்பம்தான், அரசியலுக்கு வருவது தகாது என்று தம்பியான மன்னர் அறிவித்தார். அந்தக் கட்சியையே நீதிமன்றம் கலைத்துவிட்டது. பட்டத்தைத் துறந்தாலும் அது விடவில்லை.

மலாய் மொழியில் இளவரசியைப் புத்ரி என்பார்கள், அதுவும் சமஸ்கிருதத்திலிருந்து போன சொல், மகள் என்று பொருள்.

பழைய தமிழில் இளவரசி என்ற சொல் உண்டா?

இளவரசு என்ற சொல் பழையது, ஆனால் அதற்குப் பொருள் ராஜாவின் மகன் என்பது மட்டும் இல்லை. அடுத்து ஆளப்போகிறவன், யுவராஜன், பட்டம் கட்டப்பட்டவன். சோழர்களில் ராஜேந்திரனுக்கு 1012-ல் இளவரசுப் பட்டம் கட்டினார்கள், தந்தை ராஜராஜன் 1014 வரை இருந்தார், ராஜேந்திரனின் ஆட்சியாண்டுக் கணக்கு 1012-லிருந்தே ஓடுகிறது. அந்தப் பொருளில் பார்த்தால் மகள்களுக்கு இளவரசு இல்லை. அவர்களைக் கோமகள், அரசகுமாரி, மன்னன் மகள் என்று சொன்னார்கள்.

குந்தவையை நாம் எல்லோரும் இளவரசி என்றுதான் நினைக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தான் கொடுத்தவற்றையும், அக்கன் கொடுத்தவற்றையும், நம் பெண்டுகள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறார். அந்த அக்கன் குந்தவை. வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றும் கல்வெட்டு அவரைச் சொல்கிறது. தனக்கு அடுத்த இடத்தில், தன் மனைவிமாருக்கு முன்னால், அக்காவை வைத்திருக்கிறான் தம்பி. எந்தப் பட்டத்தையும் விட இந்த வரிசை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதற்கும் முன்னால் பாரி மகளிர். பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்ற பிறகு அந்தப் பெண்கள் பாடியது புறநானூற்றில் 112-ஆம் பாட்டாக இருக்கிறது. போன மாசம் இதே நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது, இந்த மாசம் இரண்டும் இல்லை. கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் போய் மணம் செய்துகொள்ளக் கேட்டார், இருவரும் மறுத்தார்கள். நாடு போனால் மன்னன் மகளுக்கு என்ன மிஞ்சும் என்பதற்கு நம் மொழியில் இருக்கிற மிகப் பழைய சாட்சி அதுதான்.

இளவரசிகளைக் கட்டிக்கொடுப்பது வெறும் அரசியல் பேரம்தானே?

பேரம்தான். ஆனால் அந்தப் பேரம் பல தடவை அரியணையையே நகர்த்தியிருக்கிறது. ராஜராஜனின் மகள், அவர் பெயரும் குந்தவை, வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு மணமானார். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன். அவனுக்கு ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கதேவியைக் கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைதான் 1070-ல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். தகப்பன் வழியில் சாளுக்கியன், தாய் வழியில் இரண்டு தலைமுறைச் சோழ ரத்தம். அதற்குப் பிறகு வந்த சோழர்கள் எல்லோரும் அந்த மகள் வழி வந்தவர்கள். மகளுக்கு இளவரசு கிடையாது என்ற ஊரில் நடந்தது இது.

கண்டியிலும் இதே மாதிரி. அங்கே ராஜாக்கள் மதுரை நாயக்கக் குடும்பத்திலிருந்து பெண் எடுத்துவந்தார்கள். வீர நரேந்திரசிங்கன் வாரிசு இல்லாமல் இறந்தபோது, 1739-ல், அவருடைய நாயக்கப் பட்டத்து ராணியின் சகோதரரே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் மன்னரானார். 1815-ல் கண்டி ஆங்கிலேயரிடம் விழும்வரை அந்தக் குடும்பம்தான். கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் காவலில் வைக்கப்பட்டு 1832-ல் இறந்தார்.

திருவிதாங்கூரில் ராஜாவின் மகள் இளவரசி இல்லையாமே?

ஆமாம், அங்கே மருமக்கள் தாயம். ராஜாவுக்குப் பிறகு அவருடைய அக்கா, தங்கையின் மகன்தான் ராஜா. அதனால் வம்சம் ஓடுவது அந்தச் சகோதரிகள் வழியாக, அவர்களுக்கு ஆற்றிங்கல் ராணி என்று பட்டம். ராஜாவின் மனைவி ராணி இல்லை, அம்மச்சி. ராஜாவின் மகன் தம்பி, மகள் தங்கச்சி என்ற அடைமொழியோடு நின்றுவிடுவார்கள். அரச குடும்பத்தில் பெண் குழந்தை இல்லாமல் போனால்தான் அவர்களுக்குப் பெரிய கவலை. அப்படி 1900-ல் ஓவியர் ராஜா ரவிவர்மாவின் பேத்திகள் இருவரைத் தத்து எடுத்தார்கள், சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய். மூத்தவர் 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அதற்கு நூறு வருஷம் முன்பே கௌரி பார்வதி பாய் பொறுப்பில் இருந்து, 1817-ல் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்ததால் அங்கே பெரியவர்களுக்கு இந்த முறையெல்லாம் நன்றாகவே தெரியும்.

இன்றைக்கு இந்தியாவில் யாராவது சட்டப்படி இளவரசியா?

யாரும் இல்லை. 1971-ல் 26-ஆவது அரசமைப்புத் திருத்தம் சமஸ்தான மன்னர்களுக்கு இருந்த அங்கீகாரத்தையும் மன்னர் மானியத்தையும் எடுத்துவிட்டது. ஊரில் மரியாதைக்காக ராஜா, இளவரசி என்று கூப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் அரசு ஆவணத்தில் அதற்கு எடை கிடையாது. ஜெர்மனியில் 1919-ல் வேறு மாதிரி செய்தார்கள், பட்டத்தைக் குடும்பப் பெயரின் ஒரு பகுதியாக்கிவிட்டார்கள். அங்கே ஒருவருடைய அடையாள அட்டையில் பிரின்ட்செஸின் என்று இருந்தால் அது இனிஷியல் மாதிரி, பதவி இல்லை.

பட்டத்தை வைத்துக்கொண்டு ஏதாவது சாதித்த இளவரசிகள் உண்டா?

நிறைய. எனக்குப் பிடித்த மூன்று பேரைச் சொல்கிறேன்.

ராஜகுமாரி அம்ரித் கௌர், கபுர்த்தலா அரச குடும்பம். காந்தியோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர், சிறைக்குப் போனவர். 1947 முதல் 1957 வரை சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை வந்ததில் அவருடைய உழைப்பு பெரியது. அவர் பெயரோடு ராஜகுமாரி கடைசிவரை ஒட்டியிருந்தது.

சோஃபியா துலீப் சிங். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள். நாட்டை 1849-லேயே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள், இவர் பிறந்தது இங்கிலாந்தில், விக்டோரியா ராணி ஞானத்தாய், வீடும் ராணி கொடுத்ததுதான். அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நின்று பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கும் பத்திரிகையை விற்றார். ஓட்டு இல்லை என்றால் வரியும் இல்லை என்று கட்ட மறுத்தார், அதற்காக அவர் நகைகளை அதிகாரிகள் ஏலத்துக்கு விட்டார்கள், அப்போதும் அவர் அசையவில்லை.

வேலு நாச்சியாரை நாம் ராணியாகத்தான் அறிவோம். அவர் ராமநாதபுரம் சேதுபதியின் மகள், அதாவது பிறப்பால் இளவரசி, சிவகங்கைக்கு வாழ்க்கைப்பட்டவர். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு மகள் வெள்ளச்சியோடு தப்பித்து, ஹைதர் அலியின் உதவியைத் திரட்டி, 1780-ல் சிவகங்கையை மீட்டார்.

மகளுக்கு இளவரசி என்று பெயர் வைக்கலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் தூய தமிழ்ப் பெயர் வைக்கும் பழக்கம் பரவிய காலத்தில் நிறைய வீடுகளில் வைத்த பெயர்தான் அது. ராஜகுமாரி, யுவராணி, ராஜாத்தி எல்லாம் அதே பக்கத்துப் பெயர்கள். கிறிஸ்தவ வீடுகளில் இருக்கும் சாராள் எபிரேயத்தில் இளவரசி அல்லது சீமாட்டி என்ற பொருளில் வருவது, முஸ்லிம் வீடுகளில் அமீரா, ஷாஜாதி. கொஞ்சும்போது ராஜாத்தி என்போம், திட்டும்போது "பெரிய மகாராணின்னு நெனப்பு" என்போம். ஏனோ திட்டுவதற்கு இளவரசியை நாம் அதிகம் இழுப்பதில்லை.

பிரின்சஸ் கட் பிளவுஸ் என்பது என்ன? ஏன் கூலி அதிகம் கேட்கிறார்கள்?

சாதாரண நாலு டாட் பிளவுஸில் முன்பக்கத்தைப் பிடித்து மடித்து டாட் போட்டு வடிவம் கொண்டுவருவார்கள். பிரின்சஸ் கட்டில் டாட் இல்லை. கைக்குழியிலிருந்தோ தோளிலிருந்தோ மார்பு வழியாக இடுப்பு வரை நீளமாக ஒரு வளைவுத் தையல் இறங்கும், முன்பக்கம் துண்டுதுண்டாக வெட்டி இணைப்பது. வெட்டுவதில் கொஞ்சம் பிசகினாலும் சுருக்கம் விழும், வேலையும் துணியும் கூடுதல், அதனால்தான் கூலி. பெயர் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலிருந்து வந்தது. இடுப்பில் வெட்டாமல் மேலிருந்து கீழ்வரை நீளத் தையலில் உடம்போடு ஒட்டி நிற்கும் கவுனுக்கு, அப்போதைய வேல்ஸ் இளவரசி அலெக்சாண்ட்ராவை வைத்து இப்படிப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

வைரத்தில் பிரின்சஸ் கட் என்றால் சதுர வடிவம். நாலு மூலையும் கூராக இருக்கும், அங்கேதான் எளிதில் தெறிக்கும். வாங்கும்போது மூலைகளை மூடிப் பிடிக்கிற மாதிரி கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

டைமண்ட் பிரின்சஸ்?

சொகுசுக் கப்பல். 2020 பிப்ரவரியில் கொரோனாவால் யோகோஹாமா துறைமுகத்தில் சுமார் 3,700 பேரோடு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தக் கப்பல் கம்பெனியின் பெயரிலேயே பிரின்சஸ் உண்டு, அதனால் கப்பல்களுக்கும்.

வீட்டில் மகளை இளவரசி என்று சொல்லி வளர்ப்பது சரியா?

சரிதான், பாசத்தில் என்ன தப்பு. பூப்புனித நீராட்டு விழா பேனரில் கிரீடம் வைத்த படம் போட்டு இளவரசி என்று எழுதும் அப்பாக்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி உண்டு. சொத்தில் பங்கு உண்டா?

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-லிருந்து பூர்வீகச் சொத்தில் இந்துக் குடும்பத்து மகளுக்கு மகனைப் போலவே பங்கு. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்கள் மட்டும் அந்தச் சட்டத்தில் விடுபட்டார்கள். 2005 செப்டம்பர் 9-ல் மத்திய அரசின் திருத்தம் வந்து நாடு முழுக்க ஆனது, கல்யாணமானவர்களுக்கும் சேர்த்து. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடித்திருந்தால் அது செல்லும். அப்பா தானே சம்பாதித்த சொத்து என்றால் அவர் உயில் எழுதலாம், எழுதாமல் இறந்தால் 1956-லிருந்தே மகளுக்கும் சம பங்கு.

சட்டம் இவ்வளவு இருந்தும் பல வீடுகளில் "உனக்குத்தான் நகை போட்டோமே" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவு அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் பத்திர நகலை முதலில் வாங்கி, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். அண்ணன் தம்பியோடு உறவு கெட்டுவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் பங்கு கேட்டதும் கெடுகிற உறவைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு தங்கச்சிக்கு மட்டும் ஏன்?

தமிழில் எழுதும்போது எதை எப்படி எழுதலாம்?

நான் கடைப்பிடிப்பது இது. தன் உரிமையில் வாரிசாக இருப்பவரைப் பட்டத்து இளவரசி என்றே எழுதலாம். கணவர் வழியாக அந்தப் பெயர் வந்தவரைப் பட்டத்து இளவரசரின் மனைவி என்று எழுதுவேன், ஒரு சொல் கூடினாலும் பரவாயில்லை. கேத்தரினை "வேல்ஸ் இளவரசி கேத்தரின்" என்றால் போதும், "இளவரசி கேத்தரின்" வேண்டாம். ஆனைப் பொறுத்தவரை "இளவரசி ஆன்" சரி. மொனாக்கோவுக்கு ஆளும் இளவரசர், அவர் மனைவி என்று ஒருமுறை விளக்கிவிட்டு மேலே போகலாம். சமஸ்தான காலத்து ஆங்கில ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயர் இந்திய மன்னர்கள் யாரையும் கிங் என்று ஒப்புக்கொள்ளவில்லை, எல்லோருக்கும் பிரின்ஸ் என்றே எழுதினார்கள். அதனால் அந்த ஆவணங்களில் பிரின்ஸ் என்று வருகிற புதுக்கோட்டை ஆட்சியாளரை இளவரசர் என்று மொழிபெயர்த்தால் தவறு, அவர் மன்னர். பிரின்சஸ் என்று வந்தாலும் அவர் மகளா, ஆளும் மன்னரின் மனைவியா என்று ஆளை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.